கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால்

கொழும்பில் ஒரு கர்ப்பிணிக்குக் காய்ச்சல் அடித்தால், கூடவே தடிமனும் இருமலும் இருந்தாலும், டெங்கு இல்லை என்று வீட்டிலிருந்தே சொல்லிவிட முடியாது. ‘மூன்று நாள் பார்ப்போம்’ என்ற வழக்கமான கணக்கு இவர்களுக்கு வேண்டாம். முதல் நாளே கிளினிக் கார்டுடன் வைத்தியரிடம் போய், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரத்த அழுத்தத்துக்காகச் சிறிய அளவு அஸ்பிரின் எடுப்பவர் அதைக் கேட்காமலே சொல்ல வேண்டும். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிற்றமோல்) மட்டும் போதும். 500 மில்லிகிராம் வில்லை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் எட்டைத் தாண்டக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள் அளவைக் கேட்டே எடுக்க வேண்டும். பல தடிமன் வில்லைகளிலும் இதே மருந்து கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து விழுங்கி அளவு மீறுவது அடிக்கடி நடக்கும் தவறு. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணிகள் இரண்டும் கூடாது. கொத்தமல்லி அவித்த தண்ணீர், கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றக் கரைசல்) எல்லாம் குடிக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள்: வாந்தி வந்தால் இரத்தமா பானமா என்று தெரியாது.

மூச்சைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். வளர்ந்த கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. உடலுக்குத் தேவையான ஒட்சிசனோ கூடிவிடுகிறது. அதனால் காலையில் நடமாடியவர் மாலைக்குள் மோசமாகலாம், முக்கியமாக ஏழாம் மாதத்துக்குப் பின். விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் ஒட்சிமீற்றர் இருந்தால், ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்ந்தபின் பாருங்கள். நகப்பூச்சு இருந்தாலோ விரல் குளிர்ந்திருந்தாலோ எண் பிழைக்கும். 95க்குக் குறைந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எண் நன்றாக இருந்தும் பேசும்போது மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால், கடும் வயிற்றுவலியோ இரத்தக்கசிவோ இருந்தால், சிசுவின் அசைவு குறைந்தால் தாமதிக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இன்புளுவன்சா என்று வைத்தியர் கருதினால் ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை 75 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, ஐந்து நாள் கொடுப்பார். 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் பலன் கூட. பிந்தினாலும் கர்ப்பிணிக்குக் கொடுப்பார்கள். கர்ப்பத்தில் அதை எடுக்கலாம், பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள்.

இன்புளுவன்சாவோ கொவிட்டோ இருக்கும்போது பிரசவ வலி தொடங்கினால், டி சொய்சாவோ காசல் வீதி மகளிர் வைத்தியசாலையோ, எங்கே போவதானாலும் புறப்படும் முன் அழைத்துச் சொல்லுங்கள், முகக்கவசத்தோடு போங்கள். தொற்று இருப்பதால் மட்டுமே சிசேரியன் தேவையில்லை. தாய்க்கு மூச்சு மோசமானாலோ சிசு களைத்தாலோ அந்த முடிவு எடுக்கப்படலாம். முதுகில் போடும் வலிநிவாரண ஊசியையும் இதற்காக மறுக்க வேண்டியதில்லை. கர்ப்பமும் தொற்றும் சேரும்போது இரத்தம் உறையும் தன்மை கூடும். படுக்கையிலேயே கிடக்காமல் கால்களை அசையுங்கள். உறைவைத் தடுக்கும் ஊசி எழுதப்பட்டால் தவறவிடாதீர்கள்.

குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவிடச் சொல்லும் உறவினர்களுக்கு ஒன்று: இன்புளுவன்சாவும் கொவிட்டும் தாய்ப்பாலால் அல்ல, இருமலாலும் கையாலும்தான் பரவுகின்றன. தாய் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவி, முகக்கவசம் அணிந்து பால் கொடுக்கட்டும். எழும்ப முடியாத அளவு களைப்பென்றால், பாலைப் பீய்ச்சிக் கோப்பையால் மற்றவர் ஊட்டலாம். குழந்தை பால் குடிக்க மறுத்தால், மூச்சு வாங்கினால், உடம்பு சுட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பிறந்த குழந்தையின் காய்ச்சலுக்கு வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கக் கூடாது.