சஸ்பெண்ட் ஆனவர் வேலையை இழந்தவர் அல்ல

கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பிள்ளைகள் பலர் 'வாஸ் ஹங்' என்று எழுதிவிடுகிறார்கள். சட்டையை ஆணியில் மாட்டினால், படத்தைச் சுவரில் தொங்கவிட்டால்தான் 'ஹங்'. ஆளைத் தூக்கிலிட்டால் 'ஹேங்டு'. நம் நாட்டுச் சட்டத்தில் மரண தண்டனை பற்றிய வரியிலும் 'ஹேங்டு' என்றுதான் இருக்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுபவர்களும் சில நேரம் இதை மாற்றிச் சொல்வதுண்டு. என்றாலும் எழுதும்போது பிரித்து எழுதுவதே நல்லது. தமிழில் மாட்டுவது வேறு, தூக்கிலிடுவது வேறு என்று நாம் தெளிவாகத்தானே வைத்திருக்கிறோம்!

டிபென்ட், சஸ்பெண்ட், பெண்டிங், பெண்டுலம் எல்லாம் லத்தீனில் தொங்குவதைக் குறிக்கும் ஒரே வேரில் பிறந்தவை. தொங்குகிறது என்றால் இன்னும் விழவில்லை என்று அர்த்தம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒருவரை சஸ்பெண்ட் செய்தால் உடனே 'வேலை போச்சு' என்று ஊரே பேசுகிறது. அது தவறு, அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயமும்கூட. அது பணியிடை நீக்கம் மட்டுமே. விசாரணை முடியும்வரை வேலை அந்தரத்தில் தொங்குகிறது. அரசு ஊழியர் என்றால் அந்தக் காலத்தில் பிழைப்பூதியமும் உண்டு. வேலையை விட்டே அனுப்புவதற்கு 'டிஸ்மிஸ்' என்று தனிச் சொல் இருக்கிறது.

சரி, டிபென்ட். தொங்குவதற்கு மேலே ஒரு பிடி வேண்டுமல்லவா? அதனால் இதன்பின் 'ஆன்' (on) வரும், 'ஆஃப்' (of) வராது. எதையும் சாராத 'இண்டிபெண்டன்ட்' என்ற சொல்லுக்குத்தான் 'ஆஃப்'. 'டிபென்டன்ட்' என்பதை எழுதும்போது, நம்மைச் சார்ந்து வாழும் ஆளைச் சொன்னால் பிரிட்டிஷ் வழக்கில் கடைசி அசையில் 'ஏ' எழுத்து, சார்ந்திருக்கும் தன்மையைச் சொன்னால் 'ஈ' எழுத்து. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் 'ஈ' போடுகிறார்கள்.

பெண்டிங் என்றால் நிலுவை. இம்பெண்டிங் என்றால் தலைக்கு மேல் வந்து நிற்பது, பெரும்பாலும் கெட்டது. வங்கியில் நிலுவையில் உள்ள மனுவை 'இம்பெண்டிங்' என்று எழுதிவிடாதீர்கள்.

இவற்றில் எனக்கு அதிகக் கவலை தருவது, குழந்தைகளின் காய்ச்சல் மருந்துப் பாட்டிலில் இருக்கும் 'சஸ்பென்ஷன்' என்ற சொல். மருந்து திரவத்தில் கரையவில்லை, துகளாக மிதந்து தொங்குகிறது என்பது அதன் பொருள். பாட்டிலைச் சும்மா வைத்திருந்தால் துகள் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் மருந்து குறைவாகவும் கடைசி நாள் அதிகமாகவும் போகக்கூடும். அந்தச் சொல்லைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு அளந்து கொடுங்கள்.