பாண்டு முடியும் முன்பே எச்1பி வேலையை விடலாமா?

எச்1பி விசாவில், அதாவது கம்பெனி மனு போட்டு வாங்கித் தரும் வேலை விசாவில், அமெரிக்காவுக்கு வந்து சில மாதங்களிலேயே வேறு கம்பெனிக்கு மாற நினைக்கும் பலருக்கும் ஒரே பயம்தான். "ரெண்டு வருஷ பாண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இப்போது விட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?" அனுப்ப மாட்டார்கள். பாண்டு என்பது குறிப்பிட்ட காலம் வேலையில் இருப்பதாக, உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். அதை மீறினால் பணம் கேட்டு சிவில் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். குடியேற்றத் துறையிடம் கம்பெனி சொல்லக்கூடியது, "இவர் எங்களிடம் வேலையில் இல்லை, மனுவைத் திரும்பப் பெறுகிறோம்" என்பது மட்டுமே. நாடு கடத்தும் அதிகாரம் எந்த முதலாளிக்கும் கிடையாது. அப்படி மிரட்டினால் அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது எதை முதலில் செய்வது என்பதைத்தான். கோபத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டு வேலை தேடாதீர்கள். புதிய கம்பெனி உங்களுக்காக எச்1பி மனு போட வேண்டும். நீங்கள் முறையான அந்தஸ்தில் இருக்கும்போது அந்த மனு போய்ச் சேர்ந்துவிட்டால், ஒப்புதலுக்குக் காத்திருக்காமலே அங்கே வேலையைத் தொடங்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் மனு சேர்ந்ததற்கான ரசீது வந்ததும் மாறுவதைவிட, விரைவாகப் பரிசீலிப்பதற்கான பிரீமியம் கட்டணம் கட்டச் சொல்லி, ஒப்புதல் வந்த பிறகு மாறுவதே நல்லது என்பேன். பிரீமியத்தில் 15 வேலை நாட்களுக்குள் ஏதாவது ஒரு பதில் வரும். மாறிய பிறகு மனு நிராகரிக்கப்பட்டால் நிலைமை சிக்கலாகிவிடும். மனைவி, குழந்தைகள் எச்4-இல் (எச்1பி குடும்பத்தினருக்கான விசா) இருந்தால் அவர்கள் அந்தஸ்தும் உங்களுடையதோடு கட்டுண்டது.

எதுவும் கையில் இல்லாமல் வேலை போய்விட்டால் அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம் உண்டு. நீங்களாக விட்டாலும், அவர்கள் அனுப்பினாலும் இது பொருந்தும். ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அவகாசமும் அன்றோடு சரி. கடைசி வேலை நாளுக்கு மறுநாளே கணக்கு ஆரம்பித்துவிடும். கடைசிச் சம்பளம் எப்போது வருகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி பாண்டுப் பணம். முன்கூட்டியே விலகியதற்காக அபராதம் கேட்பதை எச்1பி விதிகள் தடுக்கின்றன. நீங்கள் விலகுவதால் உண்டாகும் நஷ்டத்தை ஒட்டி ஒப்பந்தத்திலேயே நியாயமாகக் கணித்து எழுதிய இழப்பீட்டை மட்டும் கேட்கலாம். எது அபராதம், எது இழப்பீடு என்பதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கும். அதனால் பாண்டை உங்கள் மாநிலத்து வேலைச் சட்ட வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள். அந்தச் செலவு வீண் போகாது. கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் கையெழுத்தான இத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை செல்லாது, சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. எந்த மாநிலமானாலும், மனுவோடு அரசு வாங்கும் 750 அல்லது 1,500 டாலர் பயிற்சிக் கட்டணத்தை உங்களிடமிருந்து எந்த வழியிலும் வசூலிக்கக் கூடாது. மனுவுக்கான வக்கீல் செலவும் கம்பெனியுடையது. அதைப் பிடித்து, சட்டப்படி தர வேண்டிய அளவுக்குக் கீழே உங்கள் சம்பளத்தைக் குறைக்க முடியாது. பிராஜெக்ட் இல்லை என்று சம்பளமில்லாமல் பென்ச்சில் உட்காரவைப்பதும் விதிமீறல்தான். இவற்றுக்கெல்லாம் தொழிலாளர் துறையின் ஊதிய, வேலை நேரப் பிரிவில் டபிள்யூஎச்-4 படிவத்தில் புகார் கொடுக்கலாம். விதிமீறல் நடந்து 12 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும்.

கிரீன் கார்டு வேலை தொடங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுமை தேவை. ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதலாகிவிட்டால், பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் உங்கள் பிரயாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதி, பொதுவாக நிற்கும். ஒப்புதலாகி 180 நாட்கள் கடந்த பிறகு அவர்கள் திரும்பப் பெற்றால், ஆறு வருஷத்துக்கு மேல் எச்1பி நீட்டிப்பு கேட்கவும் அது உதவும். புதிய கம்பெனி பெர்ம்மிலிருந்து (தொழிலாளர் துறைச் சான்று வாங்கும் முதல் கட்டம்) மறுபடி ஆரம்பிக்க வேண்டும், ஆனால் வரிசையில் உங்கள் இடம் போகாது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஐ-140 ஒப்புதலாகி ஐந்து மாதம் ஆகியிருந்தால், முடிந்தவரை மீதி ஒரு மாதத்தைத் தாண்டிவிடுங்கள்.

ரிலீவிங் லெட்டர் கிடைக்காதே என்று பலர் தயங்குகிறார்கள். இங்கே வேலை மாற அது தேவையில்லை. ஆனால் அனுபவச் சான்றிதழ், செய்த வேலைகளை விவரித்து எழுதியது, பிற்பாடு கிரீன் கார்டுக்குத் தேவைப்படலாம். பிரிவதற்கு முன்பே மேனேஜரிடம் நல்லபடியாகக் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவக் காப்பீடு எந்த நாளோடு முடிகிறது என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். சில இடங்களில் கடைசி நாளோடு, சில இடங்களில் மாதக் கடைசியோடு. அப்புறம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), டபிள்யூ-2 (வருஷச் சம்பளம், வரி காட்டும் படிவம்), ஐ-797 (மனு ஒப்புதல் அறிவிப்பு), கையெழுத்திட்ட பாண்டு எல்லாவற்றையும் சொந்தப் பிரதியாக எடுத்துவையுங்கள். புதிய மனுவுக்குச் சமீபத்திய பே ஸ்டப்களைக் கேட்பார்கள், கம்பெனி லாகின் போன பிறகு அவற்றை வாங்குவது பெரும்பாடு.