ஒரு பேனல், ஒரு ஹீட்டர்: பேட்டரி இல்லாமல் வெந்நீர்

மொட்டை மாடியில் ஒரு 330 வாட் சோலார் பேனல் இருந்தால் போதும். பேட்டரி, இன்வெர்ட்டர் எதுவும் இல்லாமலே தினமும் 20 லிட்டர் தண்ணீரைச் சுட வைக்கலாம். ஹீட்டர் காயிலுக்கு ஏசி, டிசி பேதம் கிடையாது. கரண்ட் ஓடினால் சூடாகும்.

ஆனால் வீட்டில் வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் ராடை அப்படியே மாட்டிவிடாதீர்கள். நான் முதலில் அதைத்தான் செய்தேன். 1500 வாட் ராடு, சித்திரை வெயில், இரண்டு மணி நேரம். கழற்றிவிட்டுக் கை வைத்துப் பார்த்தால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கணக்குப் போட்டதும் புரிந்தது: 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் அந்த ராடின் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட்டைத் தடுக்கும் அளவு, 35 ஓம். சுமை குறைவாக இருக்கும்போது பேனல் தரும் 45 வோல்ட்டுக்கு அதில் 1.3 ஆம்பியர்தான் ஓடும். கிடைத்தது 60 வாட்கூட இல்லை.

ஆகவே முதல் வேலை, ஓம் கணக்கு. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். என்னுடையதில் விஎம்பி (முழுச் சக்தி தரும்போது இருக்கும் வோல்ட்டேஜ்) 37.5 வோல்ட், ஐஎம்பி (அப்போது ஓடும் கரண்ட்) 8.8 ஆம்பியர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 4.3 ஓம். முழு வெயிலில் பேனலின் முழுச் சக்தியையும் இழுப்பது இந்த அளவுதான்.

இருந்தாலும் நான் 4.3 வாங்கச் சொல்லமாட்டேன். காலையில் வெயில் பாதியாக இருக்கும்போது கரண்ட்டும் பாதியாகிவிடும், சுமார் 4.5 ஆம்பியர். கரண்ட்டை அதே கரண்ட்டால் பெருக்கி, ஓமாலும் பெருக்கினால் வாட் வரும். அப்போது 4.3 ஓமில் கிடைப்பது 87 வாட்; 5.8 ஓமில் 117 வாட். உச்சி வெயிலில் கொஞ்சம் இழந்தாலும் காலையும் மாலையும் மேகமும் சேர்ந்த நம் நாளுக்கு, கணக்கில் வருவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலான ஓம்தான் சரி. 48 வோல்ட், 400 வாட் டிசி எலிமெண்ட் (ஹீட்டர் காயில்) என்றால் 5.8 ஓம் வரும். வாங்கியதும் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 ஓம் போல ஏதாவது காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தெர்மோஸ்டாட், தண்ணீர் சூடானதும் தானாக அணைக்கும் சுவிட்ச். தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம். கீசரில் வரும் ஏசி தெர்மோஸ்டாட் வழியாகப் பேனல் கரண்ட்டை விடவே கூடாது. சுவிட்ச் திறக்கும்போது அதன் உலோக முனைகளுக்கு (காண்டாக்ட்) இடையே தீப்பொறி எழும். ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அந்தப் பொறி தானாக அணைந்துவிடும். டிசி பூஜ்யத்துக்கு வராது. காண்டாக்ட் விலகினாலும் பொறி இழுத்துக்கொண்டே நின்று கடைசியில் உலோகம் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு அணைக்க வழியே இல்லை. அதனால் டிசி சுமைக்கான சாலிட் ஸ்டேட் ரிலே (காண்டாக்ட் இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஒன்றை, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கோடு வையுங்கள். தெர்மோஸ்டாட் அந்த ரிலேயின் 12 வோல்ட் சிக்னலை மட்டும் துண்டிக்கட்டும். அந்த 12 வோல்ட்டை, 60 வோல்ட் வரை தாங்கும் சின்ன பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) ஒன்று பேனலிலிருந்தே எடுத்துக் கொடுக்கும்.

வயரிங் எளிது. பேனலைத் தார்ப்பாயால் நன்றாக மூடிவிட்டு ஆரம்பியுங்கள். பேனலிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிள், டிசி எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்), ரிலே, எலிமெண்ட் என்று வரிசையாகப் போகட்டும். பாத்திரம் உலோகம் என்றால் எர்த் கட்டாயம். எலிமெண்ட் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஆவி போக மூடியில் ஓட்டை வேண்டும். ஹீட்டர் ஓடும்போது பேனல் வயரின் முனையில் இருக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்காதீர்கள், எம்சிபியை அணைத்த பிறகே கழற்றுங்கள். ஆறு பேனலை வரிசையில் கோத்து 2 கிலோவாட் ராடு ஓட்டுவதும் உண்டு. ஆனால் அது 225 வோல்ட் டிசி, உயிரை வாங்கும். புதியவர்கள் தொட வேண்டாம்.

20 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக சுமார் 750 வாட்-மணி வேண்டும். நல்ல வெயிலில் நாலு மணி நேரம் ஆகும்; பாத்திரத்தைச் சுற்றித் தெர்மோகோல் இல்லாவிட்டால் இன்னும் இழுக்கும்.

முதல் நாள் உச்சி வெயிலில் எலிமெண்ட் முனையில் வோல்ட்டேஜ் பாருங்கள். 33 முதல் 39 வரை இருந்தால் நலம். ஹீட்டரை அணைத்தால் பேனல் காட்டும் வோல்ட்டேஜுக்குப் பக்கத்திலேயே நின்றால் ஓம் அதிகம். 25க்குக் கீழே விழுந்தால் எலிமெண்டைக் குறை சொல்லும் முன் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுகிறதா என்று பாருங்கள். அந்தச் சின்ன நிழலே மூன்றில் ஒரு பங்கு பேனலை வெட்டிவிடும்.