பூண் போடும்போது செய்யக் கூடாதவை

உளிப்பிடியின் கழுத்தில், உலக்கையின் முனையில், பழைய நாற்காலிக் காலின் அடியில் பித்தளையிலோ இரும்பிலோ ஒரு வளையம் இருக்குமே, அதுதான் பூண். பளபளவென்று இருப்பதால் பலரும் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்து, அளவு பார்க்காமல் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஆனால் உளியின் வால் பிடிக்குள் ஆப்பாக இறங்கி, தட்டத் தட்ட மரத்தை ரேகை வழியே பிளக்கப் பார்க்கும், அதை வெளியிலிருந்து இறுக்கிப் பிடிப்பதுதான் பூணின் வேலை.

ஆகவே தளர்வான பூண் இருந்தும் பயனில்லை. அதன் உள்ளளவைவிட மரம் ஒரு மயிரிழையாவது தடிப்பாக இருக்க வேண்டும், தட்டித்தான் ஏற்ற வேண்டும். இடைவெளி விழுந்த பிறகு வெள்ளை மரப்பசையை ஊற்றாதீர்கள், அது உலோகத்தில் பிடிக்காது. ஆணி அடிப்பது இன்னும் மோசம், எந்த விரிசலைத் தடுக்கப் பூண் போட்டோமோ அதை ஆணியே தொடங்கிவைக்கும்.

பூண் ஆடினால் பிடியைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அன்றைக்கு இறுகிவிடும், உண்மைதான். ஆனால் உப்பிய மரத்துக்கு விரிய இடம் இல்லாததால் பூணுக்குள்ளேயே நசுங்கும், காய்ந்ததும் முன்பைவிட இளைத்துப்போகும், அப்புறம் மறுபடி ஊறப்போட வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் தளர்வு கூடிக்கொண்டே போகும். பச்சை மரத்தில் பூண் போடுவதும் இதே கதைதான், நன்றாக உலர்ந்த பிடிக்குத்தான் போட வேண்டும்.

சுத்தியல் அடி வாங்கும் உளியென்றால் பிடியின் தலையிலும் இரும்பு வளையம் வேண்டும். அதை மரத்தின் விளிம்புக்குச் சமமாக நிறுத்தினால் அடி வளையத்தில் விழும். ஜப்பானிய உளிகளில் மரம் வளையத்துக்கு மேல் கொஞ்சம் நீட்டி நிற்கும், அந்த நுனியை அடித்து வளையத்தின் மேல் படியவைப்பார்கள். அதுதான் சரியான முறை.

மேசை, நாற்காலிக் கால்களுக்குக் கிண்ணம் போன்ற பித்தளைப் பூண் போடுவது, தரை துடைக்கும் ஈரமும் கால் இடிபடுவதும் மரத்தைக் கெடுக்காமல் இருக்கத்தான். காலின் வெட்டுமுகத்தில் வார்னிஷ் பூசாமல் மாட்டினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி மரம் மக்கிவிடும். புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்ப்பதாக இருந்தால் முதலில் மரத்தின் ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கறை மரத்தில் இறங்கும். புதுப் பித்தளையில் பல நேரம் மெல்லிய லாக்கர் பூச்சு இருக்கும், அதைத் தேய்த்தால் திட்டுத்திட்டாக உரிந்து அங்கங்கே கறுத்துவிடும், அதற்கு ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.