கழிவுநீர்ப் பாத்தி கட்டுகிறவர்கள் விடும் பிழைகள்

மட்டக்களப்பு எழுவான்கரை வளவுகள் எப்படியிருக்கும் என்று தெரியும்தானே. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. அதில் வீடு, கிணறு, மலசலகூடக் குழி மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். குசினித் தண்ணீரும் குளித்த தண்ணீரும் வேலியோரம் ஓடி மணலுக்குள் இறங்கிவிடும். இறங்கியது எங்கும் போய்விடவில்லை. கிணற்றில் ஊறுகிற தண்ணீரோடுதான் கலக்கிறது. அந்த நன்னீரும் உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்ததில், அடியிலிருந்த உப்பு இன்னும் மேலே ஏறிய இடங்கள் உண்டு.

அதனால்தான் செயற்கை ஈரநிலம் பற்றி இப்போது பலர் விசாரிக்கிறார்கள். அடி கசியாத ஒரு தொட்டியில் சல்லிக்கல் நிரப்பி, செடி நட்டு, கழிவுநீரைக் கல்லிடுக்கு வழியே மெதுவாகப் போகவிடும் பாத்தி அது. சரிவு மட்டும் சரியாக இருந்தால் மின்சாரமோ மோட்டரோ தேவையில்லை. செலவழித்துக் கட்டியும் பல பாத்திகள் ஓரிரு வருடத்தில் நாறத் தொடங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டும்போது விட்ட பிழைதான்.

செடிதான் தண்ணீரைச் சுத்தமாக்குகிறது என்று நம்புவதில் முதல் பிழை தொடங்குகிறது. பெரும்பகுதி வேலையைச் செய்வது கல்லின் மேல் படிகிற வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம். வேர்கள் அதற்குத் தங்க இடம் கொடுக்கும், கொஞ்சம் ஒட்சிசன் கொடுக்கும், நைதரசனிலும் பொசுபரசிலும் ஒரு பங்கை உறிஞ்சும். இது தெரியாமல் நல்ல செடி தேடி அலைகிறவர்கள், கல் விடயத்தில் மேசன் சொன்னதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள். மேசன் மலிவாகக் கிடைக்கிறதென்று கிறவலை, அதாவது செம்மண் கலந்த சரளையை, கொட்டுவார், அல்லது கடற்கரை மணலை. கிறவலில் இருக்கிற களி நனைந்ததும் இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். கடல் மணலில் உப்பும் உண்டு, மணியும் பொடி. தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் மேலே தேங்கும். நடுப்பகுதிக்கு அரை அங்குலச் சல்லி, தண்ணீர் வரும் முனையிலும் போகும் முனையிலும் இரண்டு மூன்று அங்குலக் கல் என்று போட்டால் போதும். எதைப் போட்டாலும் கழுவிப் போடுங்கள். ஒரு கை சல்லியை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் கலங்கிச் சிவந்தால் அந்த லோடை இன்னொரு முறை கழுவ வேண்டும்.

இரண்டாவது பிழை நம்முடைய பருவத்தோடு சம்பந்தப்பட்டது. வெளிநாட்டுக் கையேடுகளைப் பார்த்துக் கட்டினால் இது பிடிபடாது. ஆவணியில் இரண்டடி தோண்டினால் காய்ந்த மணல்தான் வரும், வேலை சுகமாக முடியும். மாரி பிடித்தால் கதை வேறு. வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிட, தாழ்ந்த வளவுகளில் நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். குழிக்குள் விரித்த பொலித்தீனை அடியிலிருந்து தண்ணீர் உந்தித் தூக்கும், தையல் விடும், வெளியேறும் குழாய் வழியே வெள்ளம் உள்ளே வரும். ஆகவே இங்கே பாத்தியை முழுதாகத் தோண்டி இறக்கக் கூடாது, எழுப்ப வேண்டும். பாதி நிலத்துக்குள்ளும் பாதி மேலேயுமாகக் கல் அடுக்கி, உள்ளே சீமெந்து பூசி, விளிம்பை வளவு மட்டத்துக்கு மேல் ஓர் அடியாவது உயர்த்துங்கள். வெளியேறும் குழாய், போன மாரியில் வளவில் வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேலே இருக்கட்டும். சுவரில் கறை இருந்தால் அதுவே அளவுகோல். அந்த உயரத்துக்குக் குசினித் தண்ணீர் தானாக வந்து விழுமா என்பதையும் கட்டத் தொடங்கும் முன்பே மட்டம் பிடித்துப் பாருங்கள். கூரைத் தண்ணீரை மறந்தும் பாத்திக்குள் விழவிடாதீர்கள்.

மலசலகூடத்தை நேராகப் பாத்தியில் விடுவது மூன்றாவது பிழை. முதலில் செப்டிக் டாங், அதிலிருந்து தெளிந்து வருவதுதான் பாத்திக்கு. நம் பக்கத்தில் ‘டாங்’ என்று சொல்வதில் பல, அடி போடாமல் இறக்கிய கொங்கிரீட் வளையங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் பாத்தி கட்டுவது வீண், ஏனென்றால் தண்ணீர் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டது. அப்படியான வீடுகளில் குசினி, குளியல், உடுப்புத் தோய்க்கும் தண்ணீரோடு தொடங்குவதே புத்தி.

குசினித் தண்ணீருக்கு முன்னால் ஒரு கொழுப்புத் தொட்டி கட்டாயம். தேங்காய்ப்பால் பிழிந்த சட்டி, மீன் கழுவிய தண்ணீர், சோற்றுக்கஞ்சி எல்லாம் ஒரே வழியில் போகும் வீடுகளில் அந்தத் தொட்டியை இரண்டு கிழமை கழித்துத் திறந்தால், மேலே விரல் தடிப்புக்கு மஞ்சள் கலந்த வெள்ளை ஆடை உறைந்திருக்கும், அதில் சோற்றுப் பருக்கையும் மீன் செதிலும் ஒட்டியிருக்கும். அது பாத்திக்குள் போயிருந்தால் முதல் ஓரடிக் கல் சில மாதங்களில் அடைத்திருக்கும். அகப்பையால் அள்ளிக் குழியில் புதையுங்கள். இந்த வேலை யாருடையது என்று வீட்டில் முதலே பேசி முடிக்காவிட்டால் கடைசியில் அம்மாவின் தலையில்தான் விழும்.

அளவு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மலசலகூடம் சேராத தண்ணீர் என்றால் நம் வெப்பத்துக்கு ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீற்றர். ஐந்து பேர் வீட்டுக்கு 4 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம். அரை மீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் கல்லிடுக்கில் ஏறக்குறைய 1,500 லீட்டர் பிடிக்கும். நாளுக்கு 500 லீட்டர் வந்தாலும் மூன்று நாள் தங்கும், அது போதும். கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்கு உறவுக்காரர் வந்து வீடு நிறைகிறதென்று இரட்டிப்பாகக் கட்ட வேண்டியதில்லை, நாலு நாள் கூட்டத்தைப் பாத்தி தாங்கும்.

தண்ணீர் மேலே தெரியவே கூடாது. மட்டம் கல்லின் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே இருக்க வேண்டும். வெளியேறும் முனையில் திருப்பக்கூடிய ஓர் எல்போ (வளைகுழாய்) பூட்டினால் மட்டத்தை ஏற்றலாம், இறக்கலாம். டெங்கு வந்துபோகிற ஊரில் தேங்கிய பாத்தியைப் பார்த்தால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சும்மா போகமாட்டார்.

செடிக்குப் பாய் இழைக்கும் பன், கோரை, கல்வாழை, வெட்டிவேர் எதுவும் சரி. ஆற்றுவாழையைக் கொண்டுவராதீர்கள், அது மிதக்கிற செடி, கல்லில் நிற்காது, தப்பினால் வாய்க்காலையும் குளத்தையும் மூடும். கங்குன் கீரை நடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். நடலாம், செழித்தும் வளரும், அதைச் சமைக்க நினைப்பதில்தான் ஆபத்து. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமென்றால் வேலி முக்கியம், மாடு ஒரு இரவில் பாத்தியை முடித்துவிடும். காய்ந்த இலையைக் கல்மேல் விழவிடாமல் வெட்டி எடுங்கள்.

வெளியே வரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் கிருமி முற்றாகப் போயிருக்காது. வாழைக்கும் தென்னைக்கும் அடியில் விடலாம், பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு நல்லது, பொதுவாகச் சொல்வது 50 அடி.

வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குக் குளோரின் போட்டு இறைப்போம். அந்தத் தண்ணீரைச் சிலர் ‘நல்லதுதானே’ என்று பாத்திக்குள் திருப்பிவிடுகிறார்கள். குளோரின் கல்லில் வளர்ந்த நுண்ணுயிரைக் கொன்றுவிடும், அது திரும்பப் பிடிக்கக் கிழமைக்கணக்காகும். இறைத்த தண்ணீரைப் பாத்திக்கு எட்டாத வேறு பக்கமாக விடுங்கள்.