கட்டுத்தறி ஈயில எது எதுன்னு பிரிச்சுப் பாக்குறது எப்படி

மாடு நின்ன எடத்துலயே காலை ஓங்கி ஓங்கி உதைக்குதுன்னா அது வீட்டு ஈ செய்யற வேலை இல்லீங்க. வீட்டு ஈக்குக் கடிக்கிற வாயே கிடையாது. ஆனா காங்கயம் பக்கம் எங்க ஊர்ல ஈன்னாலே ஒரே மருந்துதான், அடிச்சுட்டுப் போயிடறாங்க. ஈ எதுன்னு தெரிஞ்சாத்தான் அது எங்க முட்டை வைக்குதுன்னு தெரியும். மருந்தைவிட அந்த எடத்தைச் சரிபண்றதுதான் கேக்கும்.

அடிச்சுக் கொன்ன ஈ ஆகாதுங்க. வாய் நசுங்கிப் போயிருக்கும். வாயகன்ற பாட்டிலை மேல கவுத்து, அடியில அட்டையைச் சொருகி, ஃப்ரீஸர்ல கொஞ்ச நேரம் வெச்சா அசையாமக் கெடக்கும். வெள்ளைத் தாள்ல கொட்டி, நல்ல வெளிச்சத்துல லென்ஸ் வெச்சுப் பாருங்க. செல்போன் கேமராவும் போதும்.

முதல்ல றெக்கையை எண்ணுங்க. ஈக்கு ஒரே ஜோடி. அதுக்குப் பின்னால குமிழ் வெச்ச குட்டிக் காம்பு ரெண்டு இருக்கும். பறக்கறப்ப நிலை தவறாமப் பாத்துக்கறது அதுதான். றெக்கை ரெண்டு ஜோடின்னா தேனீயோ குளவியோ. தட்டைப்பயிறு பூ மேல அந்தரத்துலயே நிக்கிற மஞ்சள் வரி ஈயைப் பாத்துக் குளவின்னு அடிச்சுடாதீங்க. அதோட புழு, சாறு உறிஞ்சற அசுவினிப் பூச்சியைத் தின்னு பயிரைக் காப்பாத்தும்.

அடுத்தது வாய். இதுல அவசரப்படக் கூடாதுங்க. வீட்டு ஈயும் காலைக் கடிக்கிற ஈயும் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். நெஞ்சு மேல ரெண்டுக்குமே நாலு கறுப்புக் கோடு. பக்கவாட்டுல திருப்பித் தலைக்குக் கீழ பாருங்க. வீட்டு ஈக்கு மெத்துனு ஒரு உறிஞ்சி, நுனி அகண்டு கீழ தொங்கும். கடிக்கிற ஈக்குக் கறுப்பா, விறைப்பா, ஊசியாட்டம் தலைக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும். சந்தேகம் தீரலைன்னா றெக்கையை வெளிச்சத்துக்குக் காட்டுங்க. நுனிப்பக்கம் போற நாலாவது நரம்பு வீட்டு ஈக்குச் சடார்னு மேல மடங்கும். கடிக்கிற ஈக்கு மெல்ல வளையும். வயித்து மேல கறுப்புப் புள்ளிகளும் இருக்கும். ஆண், பெண் ரெண்டுமே ரத்தம் குடிக்கும். குடிச்சதும் சுவத்துலயோ கம்பத்துலயோ போய் உக்காந்துக்கும்.

இதோட புழு இருக்கறது மூத்திரமும் சாணியும் கலந்து ஊறிக் கெடக்கிற சோளத்தட்டுக் கழிவுல. தொட்டிக்கு அடியில மிதிபட்டுக் கெடக்கற தட்டைக் கெளறிப் பாருங்க, தெரியும். அதை வாரி வெயில்ல பரப்பிக் காயவெக்கணும்.

திமில், தோள், முதுகுல கூட்டமா, தலையைக் கீழ வெச்சு ஒட்டியிருக்கிறது வேற ஈ. நீளம் 4 மில்லிமீட்டர்தான். இது முட்டை வைக்கிறது அப்பத்தான் போட்ட சாணியில. அதனால கொறங்காட்டுல, அதாவது மேய்ச்சல் நிலத்துல, மேயற மாட்டுக்கும் இதோட தொந்தரவு உண்டு. கட்டுத்தறியை மட்டும் கூட்டினா தீராதுங்க.

வால் அடியிலயும் மடிப்பக்கமும் தட்டையா, பழுப்பா, பக்கவாட்டுல ஓடுற ஈயை ரெண்டு விரல்ல நசுக்குனாலும் சாகாது. தோல் அத்தனை கெட்டி. பெருசா வந்து ரத்தம் சொட்டக் கடிக்கிறது குதிரை ஈ. அதுல பெண் மட்டுந்தான் கடிக்கும். பெண்ணுக்குக் கண்ணு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி தெரியும், ஆணுக்கு ஒட்டியிருக்கும்.

நெஞ்சுல மூணு கோடு, வயித்துல சாம்பலும் கறுப்பும் கட்டம் கட்டமா இருந்தா அது இறைச்சி ஈ. முட்டை வைக்காது, நேராப் புழுவாவே போடும். உடம்பெல்லாம் பச்சையும் நீலமுமா மினுங்கறதுல பல வகை உண்டு. பெரும்பாலும் அழுகலைத் தேடி வர்றதுதான். ஆனா ஒரு வகை காயத்தோட ஓரத்துல முட்டை வெச்சு, புழு உயிர்ச்சதையைத் தின்னும். அதை மத்ததுல இருந்து லென்ஸ் வெச்சும் சுலபமாப் பிரிக்க முடியாதுங்க. கன்னுக்குட்டி தொப்புள்லயோ, கொம்படியிலயோ புண்ணும் இந்த மினுங்கல் ஈயும் சேந்து தெரிஞ்சா, ஈயைப் புடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அன்னைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் புண்ணைக் காட்டுங்க.