மடிக்கணினியில் சேரும் வைஃபை கடவுச்சொற்கள்

வீடு, அலுவலகம், விடுதி எனப் பல இடங்களில் மடிக்கணினியைப் பயன்படுத்துவோருக்கு, அது சேமித்து வைத்திருக்கும் வைஃபை இணைப்புகளின் பட்டியல் தாமாக நீண்டுகொண்டே போகும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் பகுதியில் நெட்வொர்க், வைஃபை எனச் சென்று, அறிந்த இணைப்புகளின் பட்டியலைத் திறந்தால், தேவையற்றவற்றை ‘ஃபர்கெட்’ கொடுத்து நீக்கிவிடலாம். கடவுச்சொல்லே இல்லாத பொது இணைப்புகளை முதலில் நீக்குவது நல்லது, ஏனெனில் அதே பெயரில் வேறொருவர் அமைத்த போலி இணைப்பிலும் கணினி தானாக இணைந்துவிடக்கூடும்.

விண்டோஸ் ஒவ்வோர் இணைப்பையும் அதன் பெயரை வைத்தே நினைவில் கொள்கிறது. ஆகவே இரண்டு இடங்களின் ரௌட்டர்களுக்கு ஒரே பெயரும் வெவ்வேறு கடவுச்சொற்களும் இருந்தால், இடம் மாறும்போதெல்லாம் இணைப்பு மறுக்கப்பட்டு, கடவுச்சொல்லை மீண்டும் உள்ளிட நேரும். உங்கள் பொறுப்பில் உள்ள ரௌட்டரின் பெயரை மாற்றிவிடுவதே இதற்கு எளிய வழி.

புதிய கணினிக்கு மாறுவோர், ‘நெட்ஷ்’ என்னும் கட்டளைக் கருவியால் எல்லா இணைப்புகளையும் எக்ஸ்எம்எல் கோப்புகளாக எடுத்துச் செல்லலாம். கடவுச்சொற்களையும் சேர்த்து எடுக்கும்போது அவை எவரும் படிக்கக்கூடிய எழுத்தாகவே கோப்பில் பதிவாகும் என்பதால், வேலை முடிந்தவுடன் அக்கோப்புகளை, ரீசைக்கிள் பின்னிலும் விட்டுவைக்காமல், அழித்துவிட வேண்டும்.